அது வெறும் தகரம் இல்லை



சித்ரா பௌர்ணமி அன்று என் கையில் கொதிநீர் பட்டதைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். நன்றி. காயம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. ஆனால் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் இன்னும் ஒரு பேச்சு ஓடுகிறது: "மெக்கானிக் வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் சாருக்கு இப்படி ஆச்சு." அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவன் நான்தான். அது தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும். நாற்பது நிமிட பீரியடு எடுத்தே பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவர், எங்கள் மாமா, ஆசை ஆசையாக வாங்கிய கான்டெஸா அது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை செய்த கார். உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரிலிருந்து வந்தது. நீளமான முன்பக்கம், அகலமான முகம். நம் ஊரில் இதை "இந்தியாவின் மசில் கார்" என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் ஆரம்பகால வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அம்பாசடரில் ஓடிய அதே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். 1.8 லிட்டர் இசுசூ இன்ஜின் பிற்பாடுதான் வந்தது. மாமாவின் வண்டி முதல் வகை. பயில்வான் உடம்பில் வாத்தியார் இதயம் என்று மாமா என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார்.

மாமா போன பிறகு அக்கா திண்டிவனத்திலிருந்து வண்டியை எனக்கு அனுப்பிவிட்டார். "நிக்க வெச்சா துருப்பிடிச்சுடும், நீ ஓட்டு" என்றார். சொந்தக் கார்களுக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா, அதையும் விடாமல் செய்துகொண்டு, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வெளியே எடுப்பேன். அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. பௌர்ணமிக்கு அண்ணாமலையாரைப் பார்க்க வந்தால் இந்த வண்டியில்தான் வருவேன் என்பார். பஸ்ஸும் வேண்டாம், மருமகனின் புதுக் காரும் வேண்டாம். முன் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டை ஒருமுறை தடவிக்கொடுப்பார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. ஓடினால் ஒன்றும் இல்லை. செஞ்சி ரோட்டில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கும். தேரடித் தெருப் பக்கம் கூட்டத்தில் மாட்டி, இன்ஜின் ஐடிலிங்கில் பத்து நிமிடம் நின்றால் போதும், முள் சிவப்பை நோக்கி ஏற ஆரம்பிக்கும். பௌர்ணமி நாளில் நம் ஊரில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

வண்டியைப் பார்ப்பவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் 38 மார்க் போட்டு அனுப்பியவன். பெயர் போடவில்லை, காரணம் கடைசியில். அவன் முதல் தடவை பானெட்டைத் திறந்ததும் கேட்ட கேள்வி இது:

"சார், கவுல் எங்க சார்?"

கவுல் என்றால் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே, விசிறியைச் சுற்றி நிற்கும் தகரக் கூண்டு. மாமா பிற்பாடு ஏசி போட்டபோது கூடவே வைத்தது. சில வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் ரேடியேட்டரின் உள்கூட்டை மாற்றிக் கனமாகப் போட்டார்கள். கூண்டு இடிக்கிறது என்று கழற்றிவிட்டார்கள்.

"கழட்டிட்டாங்கப்பா. அது வெறும் தகரம்தானே. நீ தெர்மோஸ்டாட்டைக் கழட்டு, தண்ணி நல்லா ஓடட்டும்" என்றேன்.

அவன் தயங்கினான். "ஓடுறப்ப சூடாகலையே சார்" என்றான். நான் விடவில்லை. இன்னொரு உத்தரவும் போட்டேன். ஏற்றத்தில் இன்ஜின் கட கட என்று தட்டுகிறது, டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளு என்றேன். முப்பது வருடம் வெப்ப இயக்கவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் என் மாணவன். "சரிங்க சார்" என்று இரண்டையும் செய்தான்.

சித்ரா பௌர்ணமி அன்று அக்காவை அழைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வந்தேன். செஞ்சி, கீழ்பென்னாத்தூர் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. ஊருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மதியம் மூன்று மணி வெயில், உள்ளே ஏசி. கால் மணி நேரத்தில் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினேன். புகை மாதிரி ஆவி.

அப்போது செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துண்டை மடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை கூடும் என்று பிரஷர் குக்கரைக் காட்டி உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் காத்திருக்கும். மூடி தளர்ந்த நொடியில் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். பாய்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

வலியில் போனை எடுத்து அவனைத் திட்டினேன். ஸ்பீக்கரில். அக்கா, மருமகன், நின்றிருந்த நாலு பேர் எல்லோரும் கேட்டார்கள். "நீ என்னத்தைப் பார்த்து அனுப்பினே? உன்னை நம்பி வயசானவங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாரு!" அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எங்க நிக்கறீங்க சார்" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கூட்டத்தில் எதிர்த்திசையில் பைக்கில் வந்தான், பின்னால் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு. நேரே வண்டியிடம் போவான் என்று நினைத்தேன். "முதல்ல கையை நீட்டுங்க சார்" என்று அந்தத் தண்ணீரில் பாதிக்கு மேல் என் கைமேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு இன்ஜின் ஆறும் வரை அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தான். "சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட்டு வெடிச்சுடும் சார்." ஆறிய பிறகுதான் மிச்சத் தண்ணீரை ஊற்றினான். எங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

அன்று இரவே மருமகன் சொன்னான்: "மாமா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்." அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி, விட்டுடு" என்றார். அந்த "விட்டுடு" என் கை எரிச்சலைவிட அதிகமாக எரிந்தது.

மறுவாரம் நானே அவன் பட்டறைக்குப் போனேன். "இந்தத் தடவை நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றேன். அவன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, ஒரு நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒட்டினாற்போல் வைத்துக் கையை எடுத்தான். நடுவில் வைத்தபோது தாள் ஒட்டிக்கொண்டது. மேல் மூலையில் வைத்தான், விழுந்தது. கீழ் மூலையிலும் விழுந்தது. "விசிறி நடுவுல மட்டும்தான் இழுக்குது சார். மூலையெல்லாம் சும்மா நிக்குது."

இனி பாடம். இதற்கு மார்க் கிடையாது.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவும். மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடினால் விநாடிக்கு 16, 17 மீட்டர் வேகத்தில் காற்று தானாக வந்து ரேடியேட்டரில் மோதும். விசிறியே தேவையில்லை. வண்டி நின்றதும் அந்தக் காற்று பூஜ்ஜியம். எல்லாப் பாரமும் விசிறி மேல். இந்தப் பழைய வண்டிகளில் விசிறி பெல்ட்டால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அதாவது அதிகக் காற்று வேண்டிய நேரத்தில்தான் அது குறைவாகச் சுற்றுகிறது.

இப்போது அந்தத் தகரம். ரேடியேட்டர் நாலு மூலை, விசிறி வட்டம். ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம்கூட அதன் பரப்பில் சுமார் 78 சதவீதம்தான், கணக்கு போட்டுப் பாருங்கள். நிஜ விசிறி அதைவிடச் சிறியது. கூண்டு இல்லாவிட்டால் விசிறி எது சுலபமோ அந்தக் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகள் வழியாக இழுப்பதைவிட, பக்கவாட்டில் இருக்கும் இன்ஜினின் சூடான காற்றையே மறுபடி மறுபடி சுற்றுவது அதற்குச் சுலபம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். கூண்டு அந்த ஓட்டையை அடைக்கிறது. இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அதைத்தான் நான் "வெறும் தகரம்" என்றேன்.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், 80 டிகிரியைத் தாண்டும்போது திறக்கும். சூடான இன்ஜினில் அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. திறந்த கதவைக் கழற்றி எறிந்தால் என்ன லாபம்? கதவு மூடியபடியே சிக்கியிருந்தால் வண்டி ஓடும்போதும் சூடாகியிருக்க வேண்டும். "ஓடுறப்ப சூடாகலையே சார்" என்று அவன் சொன்னதன் பொருள் இதுதான். அந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது. 38 மார்க் பையன் சொன்னான், 38 மார்க் போட்டவன் கேட்கவில்லை. கழற்றியதால் வந்தது நஷ்டம்தான்: மார்கழிக் காலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகிறது, அதுவரை பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம்.

அடுத்து டைமிங். தீப்பொறி தாமதமாக வந்தால் பெட்ரோல் எரிவதும் தாமதமாகும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம், புகை வெளியேறும் வழியிலும் சிலிண்டர் ஹெட்டிலும் போய்ச் சேரும். ரேடியேட்டருக்குக் கூடுதல் சுமை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கேட்ட "கட கட" சத்தத்துக்கே அதிகச் சூடு ஒரு காரணம். சூட்டால் சத்தம், சத்தத்துக்காக டைமிங்கைத் தள்ளினேன், அதனால் இன்னும் சூடு.

அவன் செய்தது இவ்வளவுதான். டிங்கரிங் பட்டறையில் அளவு கொடுத்து, கனமான புது ரேடியேட்டருக்கு ஏற்றபடி கூண்டு செய்து, விசிறி இறக்கை பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி பொருத்தினான். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைத்தான். டைமிங்கை லைட் பிடித்துப் பார்த்துச் சரியான இடத்தில் வைத்தான். ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் அடைத்திருந்த தூசியையும் பூச்சிகளையும் உள்பக்கமிருந்து தண்ணீர் அடித்துத் தள்ளினான். பழகிய ஃபேன் பெல்ட்டை மாற்றினான். என் வீட்டு போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளைப் படிவம் விடும், அதைத்தான் நான் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றினான். எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போடத் துணிந்தது இந்த ஐந்தாயிரத்துக்காக.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்.

நின்றால் சூடு, ஓடினால் ஆறுகிறது என்றால் காற்றைச் சந்தேகியுங்கள்: விசிறி, கூண்டு, பெல்ட், வெளியே அடைந்த தூசி. கூடவே டைமிங்.

நின்றால் சரி, வேகமாக ஓடினால் சூடு என்றால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சும்போது சப்பையாகிவிடும் கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப்.

இரண்டிலும் சூடு என்றால் தண்ணீர் குறைவு, சிக்கிய தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட்.

வரிசையில் மாட்டிக்கொண்டால் ஏசியை நிறுத்துங்கள், நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதியுங்கள். விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். அப்படியும் முள் ஏறினால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். மூடியைத் தொடாதீர்கள். என் கை சாட்சி.

புதுக் கார்க்காரர்களும் சிரிக்க வேண்டாம். உங்கள் வண்டியில் மின்விசிறி இருக்கிறது. அது சுற்றாமல் போனால் உங்களுக்கும் இதே கதைதான்: ஓடும்போது ஒன்றும் தெரியாது, சிக்னலில் நின்றால் ஏறும். பழைய வண்டியிலும் மின்விசிறி போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம், தவறில்லை. ஆனால் ஐடிலிங்கில் பழைய சார்ஜிங் அமைப்பு அதற்குப் போதுமான மின்சாரம் தருமா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த விசிறிக்கும் கூண்டு வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சாமானை மாற்றுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. போன்ற அமெரிக்க மசில் கார்களில் 6.4 லிட்டர் இன்ஜின். அப்படிப்பட்ட வண்டிகளைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களும் நெரிசலில் நின்றால் இதே தொல்லையைத்தான் படுகிறார்கள், அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது விசிறியையும் கூண்டையும்தான். இன்ஜின் சிறிதோ பெரிதோ, நின்ற இடத்தில் காற்று வேண்டும்.

இந்தப் பழைய வண்டிகள் ரோட்டிலேயே இருக்கக் கூடாது என்று நினைப்பவர்களும் உங்களில் உண்டு. புகை விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தினம் எடுப்பதில்லை. வைத்திருக்கிறோம் என்றால் சரியாக வைத்திருக்க வேண்டும். டைமிங் தவறிய வண்டி பெட்ரோலையும் வீணாக்கி, காற்றையும் கெடுக்கிறது.

என் கருத்தை ஒரே வரியில் சொல்கிறேன். பட்டறைக்குப் போனால் வியாதியைச் சொல்லுங்கள், வைத்தியத்தைச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் போய் "வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்கிறோம், "குடல்வாலை எடுங்கள்" என்று உத்தரவு போடுவதில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் ஏன் போடுகிறோம்? அவன் கையில் கிரீஸ் இருப்பதால். அவன் நம்மை "சார்" என்பதால். நம்மிடம் பட்டம் இருப்பதால். நான் சொன்னபடி செய்து வண்டி கெட்டால் பழி அவனுக்கு, சரியானால் யோசனை என்னுடையது. இது என்ன நியாயம்?

அவன் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று யோசித்தேன். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையை "முதலில் சொன்னதை எழுது" என்று எத்தனை முறை உட்கார வைத்திருப்பேன்! அந்தப் பழக்கம்தான் ரோட்டோரத்தில் என் கைமேல் கொதித்தது.

ஆகவே, திட்டியது எல்லோர் காதிலும் விழுந்ததால், மன்னிப்பும் எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்க வேண்டும். தம்பி, தவறு என்னுடையது. குழுக்களில் அவனைப் பற்றி எழுதியவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், அப்புறம் ஊர்ல இருக்கற ஓட்டை வண்டியெல்லாம் என் ஷெட்டுக்கு வந்துடும்" என்றான்.

போன வைகாசி பௌர்ணமிக்கு அக்காவைத் திரும்ப அழைத்துவந்தேன். அதே இடம், அதே வரிசை. நாற்பது நிமிடம் நின்றோம். முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. நான் பெருமையாக அக்காவைப் பார்த்தேன். அக்கா டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பெட்ரோல் விக்கற விலையில எதுக்குடா இன்ஜினை ஓட விட்டிருக்கே? ஆஃப் பண்ணு."

ஆஃப் பண்ணினேன்.

அன்புடன்,
உங்கள் சார்,
திருவண்ணாமலை